43 ஜிபி பாடங்களும் ஒரு கணக்கும்

மடிக்கணினியில் இடம் தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தபோதுதான் ‘படிக்க வேண்டியவை’ என்ற கோப்புறையின் அளவைப் பார்த்தேன். 43 ஜிபி. நேரியல் இயற்கணிதத்துக்கு மட்டும் ஒன்பது பாடநூல்கள், நான்கு பல்கலைக்கழகங்களின் காணொளி வரிசைகள், யாரோ யாருக்கோ எழுதிவைத்த குறிப்புகள். இவ்வளவில் நான் பார்த்திருந்தது இரண்டரை விரிவுரைகள். அந்த அரையில் தூங்கிவிட்டேன்.

வேலையில் இயந்திரக் கற்றல் பக்கம் ஒதுங்க வேண்டிய நிலை வந்ததால் தொடங்கிய படிப்பு இது. எதைத் திறந்தாலும் அணிகள்தான், அதாவது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்கள். கல்லூரியில் அணிக்கோவை (ஓர் அணியிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்) போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அது எதைச் சொல்கிறது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

தனியாகப் படிப்பவர்கள் சேர்ந்திருந்த இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். எல்லாரும் முதலில் கேட்பதையே நானும் கேட்டேன்: “நேரியல் இயற்கணிதம் கற்கச் சிறந்த நூல் எது?” பதினேழு பதில்கள், பதினான்கு நூல்கள். ஒருவர் தலைமேல் வைத்துக் கொண்டாடியதை அடுத்தவர் குப்பை என்றார். எல்லாவற்றையும் பதிவிறக்கினேன். அன்று மாலை பெரிய வேலை ஒன்றை முடித்த நிம்மதி. சேகரிப்பில் இருக்கும் ஆபத்தே இந்த நிம்மதிதான். படித்த களைப்பு வந்துவிடும், படிப்பு வந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் பதில் எழுதினார். “தம்பி, நூலை விடுங்கள். எந்தக் கணக்கில் நிற்கிறீர்கள்?” நான் எந்தக் கணக்கையும் தொடவே இல்லை என்பதை எப்படி எழுதுவது என்று யோசித்து, எழுதாமலேயே விட்டேன். அவர் விடவில்லை. மறுநாள் ஒரு கணக்கை அனுப்பினார். 1 முதல் 9 வரை எண்களை மேலிருந்து கீழாக, மூன்று மூன்றாக நிரல்களில் அடுக்குங்கள். (1, 2, 3), (4, 5, 6), (7, 8, 9). இந்த அணியைக் கெழுக்களாகக் கொண்ட மூன்று சமன்பாடுகளின் வலப்பக்கத்தில் எந்த எண்களை வைத்தால் தீர்வு இருக்கும், எவற்றை வைத்தால் இருக்காது?

அணிக்கோவை பூச்சியம் என்று உடனே கண்டுபிடித்து அனுப்பினேன். “சரி, அதனால் என்ன?” என்று கேட்டார். அங்கேயே நின்றேன், நான்கு நாள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களைத் திறந்துவைத்த ஓபன்கோர்ஸ்வேர் தளத்தில் கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரைகளை அந்த நான்கு நாளில்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஏற்கெனவே என் கோப்புறையில் கிடந்தவைதான். சமன்பாடுகளை நிரைநிரையாக, அதாவது இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதை விட்டு நிரல்களின் கூட்டாகப் பார்க்கச் சொல்கிறார். பார்த்தேன். மூன்றாம் நிரல் என்பது இரண்டாவதின் இரு மடங்கிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது. அது புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. மூன்று நிரல்களும் சேர்ந்து எட்டக்கூடியது ஒரு தளம் மட்டுமே. வலப்பக்கம் அந்தத் தளத்தில் இருந்தால் தீர்வு உண்டு. முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் கூட்டி, நடு எண்ணின் இரு மடங்கைக் கழித்துப் பாருங்கள். பூச்சியம் வந்தால் தளத்தில் இருக்கிறது. (1, 1, 1) இருக்கிறது. (1, 0, 0) இல்லை.

எழுதி அனுப்பினேன். “இப்போது நூல் கேளுங்கள், சொல்கிறேன்” என்றார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதன்பின் ஒரே பாடத்திட்டத்தோடு உட்கார்ந்தேன். அதிலும் ஓர் இடறல். விரிவுரையில் ஸ்ட்ராங் சொல்லும் அத்தியாயமும் என்னிடம் இருந்த பாடநூலின் அத்தியாயமும் பொருந்தவில்லை. ஒரு வாரம் என் மூளையைத்தான் சந்தேகித்தேன். அந்தக் காணொளிகள் 1999இல் பதிவானவை, நூலின் இன்றைய பதிப்போடு அப்படியே ஒத்துப்போகாது என்று பாடத்தின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முன்னுரையைப் படிக்காமல் தாவுகிறவனுக்குக் கிடைக்க வேண்டிய தண்டனைதான். ஆனால் இப்படி ஒரு வரியை எனக்கு வந்த பதினேழு பதில்களில் ஒன்றாவது சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றியது.

படிக்கும் முறையும் மாறியது. அதுவரை குறிப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே என் வழக்கம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் குழுவில் ஒருவர் எடுத்துச் சொன்னார். மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடப்பகுதியை மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். என் இரவு நேரத் தன்னம்பிக்கைக்கும் மறுவாரத்து வெறுமைக்கும் அதில் விளக்கம் இருந்தது. விரிவுரை முடிந்ததும் கணினியை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினேன். முதல் மாதம் தாள்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தன.

பாடத்தின் பின்பகுதியில் வரும் ஐகன் மதிப்புகள் வரை வர ஏழு மாதம் ஆனது. அதில் கதையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்தேன், போட்டேன், தப்பாக வந்தது, மறுபடி போட்டேன்.

இடையில் ஒரு மனத்தாங்கல். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் ஆசையில், என்னிடம் இருந்த பாடநூல் ஒன்றின் வருடிய (ஸ்கேன் செய்த) படியைக் குழுவில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். நல்லது செய்யப்போன இடத்தில் திருடன் பட்டம் கிடைத்ததுபோல் இருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகுதான் உரிமங்களைப் பற்றிப் படித்தேன். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 முதல் வெளியிட்டுவரும் உரிமங்களில் எதை எடுத்தாளலாம், எப்படி எடுத்தாளலாம் என்பது சில எழுத்துச் சுருக்கத்தில் அடங்கிவிடுகிறது. ஓபன்கோர்ஸ்வேரின் பாடங்களை யாரும் பகிரலாம், திருத்தலாம். மூலத்தைச் சொல்ல வேண்டும், வணிகமாக்கக் கூடாது, திருத்தியதை அதே உரிமத்தில் விட வேண்டும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் முழுப் பாடநூல்களையே இலவசமாகத் தருகிறது. தாராளமாகப் பகிர இவ்வளவு இருக்கும்போது, பகிரக்கூடாததைத் தேடிப்பிடித்து ஏற்றியிருக்கிறேன்.

கடைசியில் நான் குழுவுக்குக் கொடுத்த பட்டியலில் மூன்றே மூலங்கள்தான்: விரிவுரைகள் ஒன்று, விடைகளோடு கூடிய கணக்குகள் ஒன்று, வேறு கோணத்தில் விளக்கும் இலவச நூல் ஒன்று. ஒவ்வொன்றையும் முடித்தபிறகே சேர்த்தேன். முதல் ஆர்வத்தில் நாற்பது இணைப்புகள் எழுதியிருந்தேன். ‘இதை நான் கடைசிவரை படித்தேனா?’ என்று கேட்டு அடித்துக்கொண்டே வந்ததில் மூன்று மிஞ்சின. முன்பு சேமித்த இணைப்புகளில் சில செத்துப்போயிருந்தன. அவற்றில் வேண்டியதை பழைய வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடி எடுத்தேன். இப்போது எதைப் பகிர்ந்தாலும் அங்கே ஒரு படி பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

மூலங்களுக்குக் கீழே ‘இடறிய இடங்கள்’ என்று ஒரு பகுதி. பதிப்பு பொருந்தாத சங்கதி, அந்த 1 முதல் 9 கணக்கு, எந்த விரிவுரையைப் பாதியில் நிறுத்தி முந்தையதற்குத் திரும்ப வேண்டும் என்பது, என் தப்பான விடைகள் சில, அவை ஏன் தப்பு என்ற விளக்கம். மொத்தம் பதினொரு குறிப்புகள். மூலங்களைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை. இடறிய இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். “நானும் அங்கேதான் விழுந்தேன்” என்று ஒருவர். “எனக்கு அது சுலபமாக இருந்தது, ஆறாவதில்தான் நிற்கிறேன்” என்று இன்னொருவர். அவரிடம் நானும் கேட்டேன், எந்தக் கணக்கில் என்று.

சென்ற வாரம் புதிதாக வந்த பெண்மணி ஒருவர், நான்காம் குறிப்பில் ‘நிரல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நிரை’ என்று எழுதியிருக்கிறேன் என்று சுட்டிக்காட்டினார். எட்டு மாதமாக அப்படியே கிடந்திருக்கிறது. அதுவரை படித்தவர்கள் தாங்களாகவே திருத்திக்கொண்டார்களா, இல்லை குழம்பிப்போய் விட்டுவிட்டார்களா என்பது இனி எனக்குத் தெரியவரப் போவதில்லை. திருத்திவிட்டு, பன்னிரண்டாவது குறிப்பாக அதையும் சேர்த்தேன்.