பணம் இருந்தும் திறக்காத டோல்கேட்

டோல் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும், கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கில் பணம் இருந்தால் போதும், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன டிசம்பர் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு, மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பினோம். முதல் டோல்கேட்டிலேயே சிவப்பு விளக்கு. பேலன்ஸ் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, அங்கேயே வண்டி நம்பரைப் போட்டு யூபிஐயில் 500 ரூபாய் ஏற்றினேன். பணம் போனது, விளக்கு மாறவில்லை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. "பிளாக்லிஸ்ட் சார், டபுள் கட்டுங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். ரொக்கமாக இரண்டு மடங்கு கட்டினேன்.

போனில் மச்சினன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. 2025 நவம்பர் 15இல் வந்த விதிப்படி, டேக் செல்லாத வண்டிகளுக்கு அப்போது ரொக்கமாகக் கட்டினால்தான் இரண்டு மடங்கு. யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. அதாவது நூறு ரூபாய் கட்டணம் என்றால் 200 இல்லை, 125தான். முதல் கவுண்டரில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த டோலில் நானே கேட்டேன். "ஸ்கேன் வேலை செய்யல" என்று இழுத்தவர், 1033க்குப் போன் போடட்டுமா என்றதும் ஸ்கேனரை எடுத்து நீட்டினார். அது நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண். மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதையும் கேட்டு வாங்குங்கள். போகவர எனக்குத் தண்டம் மட்டும் முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் கிடைக்கும் சலுகையும் போச்சு, அது டேக்கில் கட்டுபவர்களுக்குத்தான்.

ஊர் திரும்பியதும், ஃபாஸ்டேக் முறையை நடத்தும் என்பிசிஐயின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கேஒய்சி, அதாவது வங்கியில் கொடுத்த அடையாள விவரங்களை, புதுப்பிக்காததால் டேக்கை முடக்கியிருக்கிறார்கள் என்று அப்புறம் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எச்சரிக்கை மெசேஜ் எல்லாம் நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. நம்பரை மாற்றலாம் என்றால் அதற்கும் ஓடிபி, அதுவும் அதே பழைய நம்பருக்கே!

அந்த நம்பருக்கே அடித்துப் பார்த்தேன். சேலத்திலிருந்து ஓர் அம்மா எடுத்தார். "ஓ, அந்தக் கார் உங்களுதா? கேஒய்சி பண்ணுங்கன்னு ரெண்டு மூணு தடவ வந்துச்சு, ஏமாத்துறானுங்கன்னு அழிச்சிட்டேன்" என்றார். தயங்கித் தயங்கி ஓடிபி கேட்டேன். "யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்லயே சொல்றாங்களே தம்பி" என்று வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

வாடிக்கையாளர் சேவை எண்ணில் "கிளைக்குப் போங்க" என்றார்கள். கிளையில் "டேக் எங்க கிளையில வாங்கினது இல்லையே, சேவை எண்ணுக்குப் பேசுங்க" என்றார்கள். ஒரு சனிக்கிழமை போனேன், அது இரண்டாவது சனி. என் முட்டாள்தனம், அதை வங்கி மேல் போட முடியாது.

மூன்றாவது தடவை போனபோது பெயர்ச் சிக்கல். ஆர்சி புத்தகத்தில் பெயருக்கு முன் ஒற்றை இனிஷியல். பான் கார்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராக நிற்கிறது. "ரெண்டும் வேற வேற ஆள்னு சிஸ்டம் சொல்லுது சார்." நாற்பது வருஷமாக ஒரே ஆளாக இருந்தேன், கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்தில் இரண்டாக்கிவிட்டது. கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த பெண்தான் காப்பாற்றினார். பானை விடுங்கள், ஆதாரில் ஆர்சி மாதிரியே இனிஷியல் இருந்தால் அதைக் கொடுங்கள் என்றார். இருந்தது. நம்பர் மாற்ற ஒரு கடிதம், ஆர்சியின் இரு பக்க நகல், நம்பர் பிளேட்டும் கண்ணாடியில் டேக்கும் தெரிகிற மாதிரி வண்டியின் முன்பக்கப் படம். இரண்டே நாளில் டேக்குக்கு உயிர் வந்தது. ஏற்றிய 500 ரூபாயும் பத்திரமாக இருந்தது. தண்டம் கட்டியது மட்டும் திரும்பி வராது.

பழைய கார் வாங்கியவர்கள், நம்பர் மாற்றியவர்கள் இன்றைக்கே ஒரு தடவை நிலையைப் பார்த்துவிடுங்கள். சுங்கக் கட்டண பாக்கி இருந்தால் வண்டியைப் பெயர் மாற்ற என்ஓசி (தடையில்லாச் சான்று) தரக்கூடாது என்று 2026 ஜனவரியில் விதியையும் திருத்தியிருக்கிறார்கள்.

போன வாரம் அந்தச் சேலத்து அம்மாவுக்குப் போன் செய்து, இனிமேல் மெசேஜ் வராது என்றேன். "அப்பாடா! நீங்க எப்பெப்ப ஊருக்குப் போறீங்க, எந்த டோல்ல எவ்வளவு எடுக்குறான்னு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு தம்பி" என்றார்.