டிரம்ஸ் இல்லாமல் ஆட வைக்கும் ஊர்கள்: வர்ஜீனியா மலைப்பக்கம் ஒரு புளூகிராஸ் வாரக் கடைசி

அமெரிக்க மலைநாட்டு வாத்திய இசையான புளூகிராஸ் கேட்க வேண்டும் என்றால் எல்லோரும் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்கு டிக்கெட் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். ஸ்டேஷன் இன் என்ற சின்ன அரங்கைத் தவிர அங்கே உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. ஹோட்டல் வாடகை வேறு கழுத்தை நெரிக்கும். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையிலும் அதை ஒட்டிய வட கரோலினாவிலும் அந்தக் காசில் பாதிக்கு வாரக் கடைசி முழுக்கக் கேட்கலாம். அதுவும் பான்ஜோக்காரர் விரலில் மாட்டியிருக்கும் உலோக நகம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உட்கார்ந்து.

வெள்ளி, சனி, ஞாயிறு என்று வரிசையாகச் சொல்லத்தான் உத்தேசம். அதற்குமுன் கார் விவகாரத்தைக் கொட்டிவிடுகிறேன், வயிறு இன்னும் எரிகிறது. இந்த மலை ஊர்களுக்கு இடையே பஸ் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். ஷார்லட் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுப்பதே வழி. இணையத்தில் நாளுக்கு 40 டாலர் என்று காட்டிய கார், கவுன்டரில் சாவி கைக்கு வரும்போது 75 ஆகிவிட்டது. காப்பீடு, சாலையோர உதவி, டோல் கருவி என்று ஒவ்வொன்றையும் ஏதோ சட்டப்படி கட்டாயம் என்பதுபோல அந்த ஆள் அடுக்கிக்கொண்டே போனார். உங்கள் கிரெடிட் கார்டிலேயே வாடகைக் கார் காப்பீடு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் வேண்டாம் என்று திரையில் நீங்களே அழுத்துங்கள். டோல் கருவியும் தேவையில்லை. ஷார்லட்டிலிருந்து வடக்கே போகும் இன்டர்ஸ்டேட் 77-இல் 'எக்ஸ்பிரஸ்' என்று போட்ட இடது லேன்களுக்கு மட்டும்தான் காசு. பக்கத்து லேன் இலவசம். தெரியாமல் எக்ஸ்பிரஸில் ஏறினால் டோல் கொஞ்சம்தான் வரும், வாடகைக் கம்பெனி அதன்மேல் போடும் 'நிர்வாகக் கட்டணம்' அதைவிடப் பெரிதாக வரும். ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

சரி, வரிசையாவது ஒன்றாவது. சனிக்கிழமைக் காலையை முதலில் சொல்கிறேன்.

வட கரோலினா எல்லைக்குள் மவுன்ட் ஏரி என்று ஒரு ஊர், ஷார்லட்டிலிருந்து சுமார் 100 மைல். அங்கே டபிள்யூ.பி.ஏ.க்யூ. என்ற ரேடியோ நிலையம் 1948 முதல் 740 ஏ.எம். அலைவரிசையில் உள்ளூர் இசையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை 11 மணிக்கு எர்ல் தியேட்டர் என்ற பழைய சினிமாக் கொட்டகையின் மேடையிலிருந்து 'மெர்ரி-கோ-ரவுண்ட்' நிகழ்ச்சி நேரலையாகப் போகும். டிக்கெட் ஒரு பிட்சா விலைகூட இல்லை. முன்வரிசையில் இடது பக்கமாக உட்காருங்கள். காரணம் பின்னால் வருகிறது.

புளூகிராஸ் பேண்டில் ஐந்து வாத்தியம்: பான்ஜோ, ஃபிடில், மாண்டலின், கிதார், ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸ். சிலர் டோப்ரோவும் (படுக்க வைத்து வாசிக்கும் ஒரு வகைக் கிதார்) சேர்த்துக்கொள்வார்கள். டிரம்ஸ் கிடையாது. சபாக் கச்சேரி கேட்டுப் பழகிய காது முதல் பாட்டில் மிருதங்கத்தைத் தேடும். தாள வேலை ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பாஸ் ஒன்றாம், மூன்றாம் அடியில் விழும், பெரும்பாலும் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மூல ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மாறி மாறி. மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் 'சக்' என்று வெட்டும். இதற்குச் 'சாப்' என்று பெயர். கார்டைப் பிடித்து அடித்த மறுகணமே இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அணைத்துவிடுவார்கள். நீட்டி ஒலித்தால் அது சாப் அல்ல. கிதார் இரண்டையும் இணைக்கும்: கட்டைத் தந்தியில் ஒரு ஸ்வரம், அப்புறம் ஒரு வீச்சு. வேகமான பாட்டில் பாஸ் மட்டுமே நிமிடத்துக்கு 130 முதல் 160 முறை வரை விழும்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். பாட்டின் நடுவே ஒவ்வொருவரும் தனியாக ஒரு சுற்று வாசிப்பார்கள். 'பிரேக்' என்பார்கள். மாண்டலின்காரர் பிரேக் எடுத்தால் சாப்பை யார் போடுவது? பான்ஜோ உடனே தன் மூன்று விரல் உருட்டலை நிறுத்திவிட்டு, கழுத்தின் மேல்பகுதிக்குப் போய் அணைத்த கார்டுகளை இரண்டிலும் நான்கிலும் வெட்ட ஆரம்பிக்கும். பிரேக் முடிந்து மாண்டலின் திரும்பியதும் பான்ஜோ தன் வேலைக்குப் போய்விடும். இந்தக் கைமாற்றத்தில் ஒரு அடி தவறினாலும் பாட்டுக்கு அடியில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். வேகத்தைப் பார்த்துக் கை தட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நல்ல பேண்டா, சுமாரான பேண்டா என்பதற்கு என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை போதும்.

இன்னொரு விஷயம், மைக். அன்றைய பேண்டுக்கு மேடை நடுவே ஒரே ஒரு கண்டென்சர் மைக், பாடுகிறவரின் முகவாய் உயரத்தில். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைக்க ஆள் தேவையே இல்லை. வாசிக்கிறவர்களே கிட்டே வந்தும் தள்ளிப்போயும் அதைச் செய்கிறார்கள். பாடுகிறவர் நடுவில். பான்ஜோ எப்போதுமே சத்தம் அதிகம், அதனால் இரண்டடி கூடுதலாகத் தள்ளி, உடம்பைக் கொஞ்சம் திருப்பி நிற்கும். பாஸ் பின்னால், நகராது. பல்லவியில் மூன்று குரல் சேரும்போது நெற்றியோடு நெற்றி உரசும் அளவுக்கு நெருங்குவார்கள்: நடுவில் மெட்டைப் பாடும் லீட், மேலே டெனர், கீழே பாரிடோன்.

இதில் சொதப்ப நிறைய வழி உண்டு. பிரேக்கின் முதல் சில ஸ்வரங்கள் சுற்று தொடங்குவதற்கு முன்பே விழுந்துவிடும். ஆகவே பல்லவியின் கடைசி வரி ஓடும்போதே அடுத்த ஆள் நகர ஆரம்பித்தாக வேண்டும். பல்லவி முடிந்த பிறகு கிளம்பினால் அந்தத் தொடக்கம் மைக்குக்குக் கேட்காது. கிதார், பான்ஜோ, மாண்டலின் கழுத்தெல்லாம் வாசிப்பவருக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்; ஃபிடில்காரரின் வில்லோ வலப்பக்கம் வீசும். அதனால் ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியேறுவது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். திரும்பும் முன் வாத்தியத்தின் தலையை மேலே தூக்கிவிடுவார்கள். முன்வரிசையில் இடது பக்கம் உட்காரச் சொன்னது இதற்குத்தான்: அங்கிருந்து பார்த்தால் யார் எப்போது காலை எடுத்து வைக்கிறார் என்பது மறைக்காமல் தெரியும். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் இந்த மைக் உடனே ஊளையிடும் என்பதால் அன்று அதுவும் இல்லை. ஒருவர் வாசிப்பது இன்னொருவர் காதில் நேராக விழுந்தாக வேண்டும், அதாவது மற்ற நால்வரும் அடக்கி வாசித்தாக வேண்டும்.

மற்றபடி அடிக்கடி நடக்கும் கோளாறு, தாளம் ஓடுவது. கூட்டத்தைப் பார்த்ததும் பான்ஜோக்காரருக்குக் கை பறக்கும்; சாப் ஒரு மயிரிழை முந்தி விழும்; பாஸ்காரர் அசைந்து கொடுத்தால் மூன்றாவது சரணத்தில் பாடுகிறவருக்கு மூச்சு நிற்காது. பாஸ்காரர் பிடிவாதக்காரராக இருப்பதுதான் பேண்டுக்கு நல்லது.

இந்த ஐந்து வாத்தியக் கூட்டணி அமைந்த காலம் தெளிவாகத் தெரியும். கென்டக்கியின் ரோசின் ஊர்க்காரர் பில் மன்ரோ, தன் மாநிலத்தின் செல்லப்பெயரை வைத்துப் 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று பேண்ட் நடத்தினார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் அதில் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் பான்ஜோவை உருட்டும் அவருடைய முறை, அவர் பிறந்த வட கரோலினாப் பக்கத்துச் சரக்கு. மூன்று விரலில் கட்டைவிரலுக்குப் பிளாஸ்டிக் பிக், மற்ற இரண்டுக்கும் உலோகம்.

சாப்பாடு! எர்ல் தியேட்டர் இருக்கும் அதே மெயின் தெருவில் ஸ்னாப்பி லஞ்ச், 1923 முதல் நடக்கும் கடை. போர்க் சாப் சாண்ட்விச் சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள். எலும்பில்லாத பன்றித் துண்டை மாவில் முக்கிப் பொரித்து, தக்காளி, வெங்காயம், கடுகுச் சாஸ், கொத்துக்கறிச் சில்லி, முட்டைக்கோஸ் துருவல் எல்லாம் வைத்துத் தருகிறார்கள். சுற்றிய காகிதத்தை முழுக்கப் பிரித்தால் சட்டை நாசம். கடிக்கக் கடிக்கக் கீழே இறக்குங்கள். மாலையில் கடை இருக்காது, ஆகவே 11 மணி நிகழ்ச்சிக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பணத்தாள் கையில் வைத்திருங்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தப் பக்கத்து உணவகங்களில் அவித்த பீன்ஸ், கீரை என்று எழுதியிருப்பதில்கூடப் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை இரவுக்கு ஃபிளாய்ட். ஊருக்கே ஒரு டிராஃபிக் சிக்னல். ஃபிளாய்ட் கன்ட்ரி ஸ்டோரில் முதலில் தேவப் பாடல்கள், பிறகு நடன இசை. காலணிக்கு அடியில் தகடு அடித்துக்கொண்டு வந்த பாட்டிகள் மரத்தரையை உண்டு இல்லை என்று ஆக்குகிறார்கள். உள்ளே இடம் கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம். வெயில் காலத்தில் தெருவோரம் முழுக்கக் கும்பல் கும்பலாக நின்று வாசிப்பார்கள், பைசா செலவில்லை. எனக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே நடந்ததுதான் பிடித்தது.

வாத்தியத்தோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சேர்ந்து வாசிக்கும் வட்டத்தில் நுழையும் முன் பான்ஜோவின் முதுகைப் பாருங்கள். மரக்கிண்ணம் மூடியிருந்தால் அநேகமாகப் புளூகிராஸ்; திறந்து கிடந்தால் ஓல்டு-டைம், அதாவது புளூகிராஸுக்கு முந்தைய பழைய நாட்டு இசை. ஓல்டு-டைமில் தனிச் சுற்றே கிடையாது, எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பத்து நிமிடம் சுற்றுவார்கள். அங்கே போய் நீங்கள் பிரேக் எடுத்தால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் வட்டம் மெல்லக் கலைந்துவிடும். புளூகிராஸ் வட்டத்தில் பாட்டைச் சொன்னவரே சுருதியைச் சொல்லித் தொடங்கி வைப்பார். பிரேக் பக்கத்து ஆளுக்குப் பக்கத்து ஆளாக நகரும். வேண்டாம் என்றால் தலையை ஆட்டினால் போதும். கார்டை விரலால் காட்டுவார்கள்: ஒன்று, நான்கு, ஐந்து. ஒரு காலைத் தூக்கினால் பாட்டு முடியப்போகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே ஒரு பாஸ் இருந்தால் இரண்டாவது பாஸைப் பெட்டியிலேயே வையுங்கள்.

சுருதிக்கு ஏற்பாடு இல்லாமல் போகாதீர்கள். பான்ஜோ ஜி சுருதியில் இருக்கும். ஏ-யில் பாடப்போகிறார்கள் என்றால் கேப்போ (தந்திகளை ஒருசேர அழுத்தும் கவ்வி) கழுத்தின் இரண்டாம் கட்டையில் (ஃப்ரெட்டில்) ஏறும். ஆனால் ஐந்தாம் தந்தி குட்டை, அதன் முறுக்காணி ஐந்தாம் கட்டைப் பக்கத்தில் இருப்பதால் கேப்போவுக்குள் சிக்காது. அதற்காக ஏழாவது, ஒன்பதாவது கட்டைகளில் பொம்மை ரயில் தண்டவாளத்து ஆணி அடித்து வைத்திருப்பார்கள். தந்தியை ஏழில் செருகினால் ஏ, ஒன்பதில் செருகினால் பி. கேப்போ தந்தியை இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும், ஆகவே போட்ட பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். ஏ.சி. காரிலிருந்து நேராக வெயிலுக்கு எடுத்தால் எஃகுத் தந்தி சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். பத்து நிமிடம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தொடுங்கள். ஃபிடிலுக்கும் மாண்டலினுக்கும் இந்தக் கேப்போ வசதி கிடையாது. பாடுகிறவர் பி-யில் தொடங்கினால் விரலை மாற்றிப் போட்டு அழ வேண்டியதுதான்.

சனி மதியம் ஒன்றரைக்கு எர்ல் தியேட்டரை விட்டுக் கிளம்பினால், இரவு 7:30-க்கு ஹில்டன்ஸில் இருக்கும் கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டுக்குத் தாராளமாகப் போய்ச் சேரலாம். கன்ட்ரி இசை முன்னோடிகளான கார்ட்டர் ஃபேமிலியின் ஏ.பி. கார்ட்டருடைய மகள் ஜேனட் தொடங்கிய இடம். மின்சார வாத்தியத்துக்கு அனுமதி இல்லை, மதுவும் இல்லை. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கடைசியாக மேடையேறியது இங்கேதான், 2003 ஜூலை 5 அன்று. ஞாயிற்றுக்கிழமை கேலக்ஸ் பக்கம் திரும்பி, புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையின் 213-ஆம் மைல்கல்லில் இருக்கும் இசை மையத்துக்குப் போங்கள். சீசனில் பகல் நேரக் கச்சேரி இலவசம். எந்தெந்த நாள் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்வேயில் வேகம் 45 மைலைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் பங்க்கும் கிடையாது. கேலக்ஸிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போக முடிந்தால் கதையே வேறு. கேலக்ஸின் ஃபெல்ட்ஸ் பார்க்கில் 1935-இல் தொடங்கிய ஓல்டு ஃபிட்லர்ஸ் கன்வென்ஷன் அப்போதுதான். மேடையில் போட்டி நடக்கும், ஆளுக்கு ஒரு பாட்டு. அதை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் கொட்டாவி வந்துவிடும். எழுந்து பின்னால் கூடாரங்கள் போட்டிருக்கும் பக்கம் போங்கள். போட்டிக்கு வந்தவர்களெல்லாம் அங்கேதான் நள்ளிரவு தாண்டியும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாரம் ஊருக்குள் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை சொல்ல நாக்கு கூசும். அரை மணி தள்ளி ஹில்ஸ்வில் பக்கமோ மவுன்ட் ஏரியிலோ முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இரவில் திரும்பும்போது மெதுவாக ஓட்டுங்கள், மான் குறுக்கே பாயும். வாடகைக் காரில் மான் மோதினால் கவுன்டர்காரர் மறுபடி அந்தக் காப்பீட்டுப் பேச்சை ஆரம்பிப்பார்.