யாழ்ப்பாணத்தில லைப்ரரி, கோட்டை பாத்து முடிச்சா துரையப்பா ஸ்ரேடியத்துக்கும் ஒருக்கா போங்கோ

போன மாசம் யாழ்ப்பாணத்துக்கு, எங்கட ஊருக்குப் போயிருக்கேக்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் சித்தப்பா, "வாடா தம்பி, துரையப்பாவில மட்ச் ஒண்டு நடக்குதாம், பாத்திட்டு வருவம்" எண்டு மோட்டச்சைக்கிளை வெளியில எடுத்தார். நான் கொழும்புக்கு வேலைக்குப் போய் பத்து வருஷமாகுது, வரேக்க எல்லாம் கோட்டையில ஏறுவன், லைப்ரரிக்கு முன்னால நிண்டு போட்டோ எடுப்பன், நல்லூரடியில ஐஸ்கிறீம் குடிப்பன், ஆனா லைப்ரரிக்குக் கிட்டவே கிடக்கிற ஸ்ரேடியத்துக்குள்ள மட்டும் ஒருநாளும் கால் வைச்சதில்லை. வெளியூர் ஆக்கள் பஸ் ஸ்ராண்டில இறங்கினா ஓட்டோ தேவையில்லை, நடந்தே வரலாம்.

உள்ளுக்க போனா முதல்ல முகத்தில அடிக்கிறது பண்ணைக் கடல் காத்துத்தான். அரங்கம் பெரிசில்லை, 1850 பேர் இருந்து பாக்கலாம், ரீவியில பாக்கிற ஸ்ரேடியங்களை நினைச்சுக்கொண்டு போனா ஏமாந்து போவீங்கள். ஆனா அந்தச் சின்னதிலதான் சுகமே இருக்கு, கோல் கீப்பர் பின்னுக்கு நிக்கிற பெடியனுக்குப் போடுற ஏச்சுக்கூட தெளிவாக் கேக்கும்! எனக்கு முன்வரிசையில ஒரு ஐயா கச்சான் கோதை உடைச்சு பருப்பைப் பேத்திக்குக் குடுக்கிறார், கோதை கவனமா சேட் பொக்கற்றுக்குள்ள போடுறார், ஒண்டுகூட நிலத்தில விழேல்ல.

ஸ்ரேடியத்துக்கு வைச்ச பேர் யாழ்ப்பாண மேயராயும் எம்பியாயும் இருந்த அல்பிரட் துரையப்பான்ர. 1975 ஜூலை 27 பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில அவரைச் சுட்டுக் கொலை செய்தவை. சித்தப்பா அப்ப எட்டாம் வகுப்பாம், செய்தி வந்த உடனை அப்பாச்சி படலையைப் பூட்டிப்போட்டு ஒருத்தரையும் வெளியில விடேல்லையாம். துரையப்பாவைப் பற்றி எங்கட வீட்டிலயே ரெண்டு கதை இருக்கு, சித்தப்பா ஒண்டு சொல்லுவார், பெரியப்பா நேர் எதிர் சொல்லுவார், அதுக்குள்ள நான் போகேல்ல.

சண்டைக் காலத்தில இந்த மைதானம் பட்டபாடு வேற. 1999 ல திருத்த வேலைக்குக் கிண்டேக்க மண்ணுக்குள்ள இருந்து மனித எலும்புக்கூடுகள் வந்தது. சித்தப்பா அதைச் சொல்லேக்க குரலைக் குறைச்சுத்தான் சொன்னார், எனக்குச் சட்டெண்டு காலை நிலத்தில வைக்கவே ஒரு மாதிரி இருந்தது, உடனை போனை எடுத்துத் தேடத் தொடங்கினன், அந்த நேரம் பாத்து சுத்திவர "கோல்!" எண்டு கத்துறாங்கள். முழு மட்சிலயும் விழுந்த ஒரே கோல் அதுதான். "மட்ச் பாக்க வந்தனியோ, போன் பாக்க வந்தனியோ?" எண்டு சித்தப்பாட்ட நல்ல பேச்சு. கதையைத் தொடக்கினதே அவர்தான்!

பிறகு கனகாலம் கவனிப்பாரில்லாமல் கிடந்த இடத்தை இந்திய அரசு 7 கோடி இந்திய ரூபாய் குடுத்துத் திருத்திக் குடுத்தது. 2016 ஜூன் 18 திறப்பு, அப்ப ஜனாதிபதியா இருந்த மைத்திரிபால சிறிசேன இங்க நேர வந்தவர், மோடி டெல்லியில இருந்து வீடியோவில. அண்டைக்கு எண்ணாயிரத்துக்கு மேல பிள்ளையள் இதுக்குள்ள யோகா செய்ததாம். 1850 பேர் இருக்கிற இடத்தில எண்ணாயிரமோ எண்டு முதல்ல யோசிச்சன், பிறகுதான் விளங்கிச்சு, புல்லுத்தரை முழுக்கப் பிள்ளையள்தானே.

பாக்க வாறதெண்டா மார்ச்சில வாங்கோ. பக்கத்திலதான் சென்ரல் கிரவுண்ட், சென்ரல் கொலிஜும் சென் ஜோன்ஸ் கொலிஜும் மோதுற, 1904 ல தொடங்கின கிரிக்கெற் மட்ச், "வடக்கின் பெரும் போர்" அங்கதான் நடக்கும், மூண்டு நாளும் அந்தப் பக்கம் பப்பரவப்பாதான். இப்ப மண்டைதீவிலயும் பெரிய கிரிக்கெற் மைதானம் ஒண்டுக்கு 2025 செப்டெம்பரில அடிக்கல் வைச்சிருக்கினம். அது வந்தாலும் பின்னேரத்தில சும்மா போய்க் குந்தியிருக்க எனக்கு இதுதான் சரி.

மட்ச் முடிய வெளியில பிளேன்ரீ ஒண்டு குடிச்சம். நான் கோலைக் காணேல்ல எண்ட கவலையில சித்தப்பா பிளேன்ரீக் கப்பைக் கோல்போஸ்டாக்கி, சீனிக்கரண்டியை கோல் அடிச்ச நீலச்சட்டைப் பெடியனாக்கி, அவன் எப்பிடி இடக்காலால வெட்டி அடிச்சவன் எண்டு ரெண்டுதரம் செய்து காட்டினார். ரெண்டாம் தரம் கப் கவிண்டு என்ர காற்சட்டை முழுக்கத் தேத்தண்ணி.