ஜாக்கெட் பைக்குள் ஒரு மிட்டாய்

போன மாதம் ட்ரக்கில் சிகாகோ லோடோடு போகும்போது ஒன்ராறியோ நெடுஞ்சாலையோர ஓய்விடமான டில்பரி ஒன்ரூட்டில் காப்பிக்கு இறங்கினேன். சில்லறைக்காக ஜாக்கெட் பைக்குள் கையை விட்டால் சின்னப் பாக்கெட் ஒன்று தட்டுப்பட்டது. சிவப்பு எட்டுமூலைக் குறி, அதற்குள் கஞ்சா இலை, கீழே ஒன்ராறியோ கலால் முத்திரை. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி 10 மில்லிகிராம் போட்ட ஜெல்லி மிட்டாய். முந்தின ஞாயிறு குளிருக்கு அந்த ஜாக்கெட்டை இரவல் வாங்கியவன் என் அக்காவின் மகன்.

அந்த இடத்திலிருந்து அமெரிக்காவின் டெட்ரொய்ட்டுக்குப் போகும் அம்பாசடர் பாலத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கையை மூன்று தரம் கழுவினேன். பிறகு அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"மாமா, இங்க அது லீகல்தானே?"

"இங்க லீகல். டெட்ரொய்ட்லயும் லீகல். நடுவில இருக்கிற பாலத்திலதான் இல்லை."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னது உண்மைதான். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். ஒன்ராறியோவில் 19 வயது ஆனவர் 30 கிராம் வரை பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். அடுத்த மாதமே மிச்சிகன்காரர்களும் வாக்குப்போட்டு அனுமதித்துவிட்டார்கள். இப்போது டெட்ரொய்ட் நெடுஞ்சாலையில் காயம்பட்டவர்களைத் தேடும் வக்கீல்களின் விளம்பரப் பலகைக்குப் பக்கத்திலேயே கஞ்சாக் கடைப் பலகை நிற்கிறது.

ஆனால் எல்லை மாநிலத்துடையது இல்லை. அது வொஷிங்டனில் இருக்கும் மத்திய அரசுடையது. 1970ஆம் ஆண்டின் மத்திய சட்டம் கஞ்சாவை ஹெரோயினோடு சேர்த்து, மிகக் கடுமையான முதல் பட்டியலில் போட்டது. மிச்சிகன் மக்கள் போட்ட வாக்கு பாலத்தின் வாசலில் செல்லாது. கனடாப் பக்கமும் சும்மா விடாது. கொண்டுபோனாலும் கொண்டுவந்தாலும் குற்றம், 14 வருடம் வரை சிறை கிடைக்கலாம். எனக்கு அதைவிடப் பயம் அமெரிக்காவுக்குள் இனி வராதே என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான். என் பிழைப்பே அந்தப் பாலத்தில் இருக்கிறது.

வியாபாரக் கணக்கில் பார்த்தால் இது இன்னும் வேடிக்கை. கனடாவில் விளைகிற மருத்துவக் கஞ்சா பெர்மிட் வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்குப் போகிறது, ஆஸ்திரேலியாவுக்கும் போகிறது. கடல் தாண்டலாம், ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைக் கடைக்குப் போகமுடியாது. பக்கத்து மாநிலத்திலிருந்தும் டெட்ரொய்ட் கடைக்குச் சரக்கு வராது. மாநில எல்லையைத் தாண்டினாலே மத்திய குற்றம் என்பதால் மிச்சிகனில் விற்பது மிச்சிகனிலேயே விளைந்ததாக இருக்கவேண்டும். ஒரிகனில் தேவைக்கு மேல் விளைந்து குவிந்தபோது, மத்திய அரசு விட்டால் வெளி மாநிலத்துக்கு அனுப்பலாம் என்று 2019இலேயே ஒரு சட்டம் எழுதி வைத்தார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை.

நான் ஓட்டும் ஐ-94இல் மிச்சிகனின் கடைசி ஊர் நியூ பஃபலோ. சின்ன ஊர்தான், ஆனால் கஞ்சாக் கடைக்குப் பஞ்சமில்லை. வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் இந்தியானாக்காரர்கள். வாங்கிக்கொண்டு சில நிமிடம் ஓட்டினால் குற்றவாளி. இந்தியானாவுக்குள் அந்த வீதி எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான். அதையும் தாண்டினால் இலினோய், 2020 ஜனவரி முதல் அங்கே சட்டபூர்வம். ஒரு பகலுக்குள் நல்லவனாகி, கெட்டவனாகி, மறுபடி நல்லவனாகலாம்.

டிரைவருக்கு அந்த வசதியும் கிடையாது. அமெரிக்காவுக்குள் ட்ரக் ஓட்டினால் ஸ்காபரோவில் குடியிருந்தாலும் என் சிறுநீர் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சட்டத்துக்குள் வருகிறது. சனிக்கிழமை இரவு என் வீட்டில், என் நாட்டுச் சட்டப்படி ஒன்றைத் தின்றாலும், அடுத்த வாரம் போதைப் பரிசோதனைக் குலுக்கலில் என் பெயர் விழுந்தால் போச்சு. 2020 ஜனவரியிலிருந்து அந்த முடிவு நாடு முழுவதும் பார்க்கும் ஒரு பதிவேட்டில் ஏறுகிறது, ஐந்து வருடமாவது அழியாது. முதுகுவலிக்கு சிபிடி எண்ணெய், அதாவது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் போதையில்லாத எண்ணெய், நல்லது என்று மனைவி வாங்கி வந்தாள். தொடவில்லை. அதில் டிஎச்சி கலந்திருந்து பரிசோதனையில் காட்டினால், எண்ணெய்தான் எடுத்தேன் என்ற விளக்கத்தை ஏற்கமாட்டார்கள். பழைய கோடாலித் தைலம்தான்.

ஐடஹோவில் 2019 ஜனவரியில் நடந்த ஒன்றை நாங்கள் டிரைவர்கள் இன்னும் பேசுவோம். ஒரிகனிலிருந்து கொலராடோவுக்கு 6,701 பவுண்டு ஹெம்ப் ஏற்றிக்கொண்டு ஒருவர் போனார். ஹெம்ப் என்றால் கஞ்சாச் செடியின் போதையில்லாத வகை, டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. முந்தின மாதம்தான் மத்திய அரசு அதை அனுமதித்து, எந்த மாநிலமும் வழியில் மறிக்கக்கூடாது என்றும் எழுதியிருந்தது. காகிதத்தில் ஹெம்ப் என்றே இருந்தது. ஐடஹோவில் அப்போது ஹெம்பும் கஞ்சாவும் ஒன்றே, 25 பவுண்டு தாண்டினால் குறைந்தது ஐந்து வருடச் சிறை. தலைநகர் பொய்சிக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் சரக்கைப் பறித்து ஆளை உள்ளே போட்டார்கள். கடைசியில் சிறு குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டுதான் வழக்கை முடித்தார். 2021இல் ஐடஹோவும் ஹெம்ப் பயிரிட அனுமதித்துவிட்டது. விற்றவர் ஒரு மாநிலத்தில், வாங்கியவர் இன்னொரு மாநிலத்தில். விலங்கு மாட்டிக்கொண்டது ஸ்டியரிங் பிடித்தவர். லோட் பேப்பரைக் கையெழுத்துப் போடுமுன் நான் இரண்டு தரம் வாசிப்பது அதற்குப் பிறகுதான்.

சரி, மருமகன் கதை. திரும்பி வரும் வழியில் அவனுக்கென்று இந்தியானாவில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கினேன். பாலத்தின் கனடாப் பக்கமான விண்ட்சரில் "ஏதாவது கொண்டுவருகிறீர்களா?" என்று கேட்டார்கள். "ஒரு ஜாக்கெட்" என்று சொல்லி ரசீதை நீட்டினேன். நீட்டுமுன் பைகளைத் தடவிப் பார்த்திருந்தேன். அது கடையில் இருந்து வந்த புது ஜாக்கெட்.