கட்டி கரைந்த பிறகும் எஞ்சும் செல்கள்

மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் உள்ள செல்கள் எல்லாம் ஒரே தன்மை கொண்டவை அல்ல. 2003ஆம் ஆண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிளார்க்கின் குழு, மேற்பரப்பில் சிடி44 புரதம் மிகுந்தும் சிடி24 குறைந்தும் இருந்த செல்களைப் பிரித்தெடுத்து எலிகளில் செலுத்தியபோது, நூறு செல்களே புதிய கட்டியை உண்டாக்கின. மற்ற வகைச் செல்கள் பல்லாயிரம் சேர்ந்தும் உண்டாக்கவில்லை.

பென்னாகரத்தில் இருக்கும் என் பெரியம்மா, நோய் திரும்பியபோது, "கரைஞ்சு போச்சுன்னாங்களே கண்ணு, மறுபடி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். வேகமாகப் பெருகும் செல்கள் கீமோவில் மடிய, ஸ்டெம் செல் (தன்னைப் புதுப்பித்துக்கொண்டே பிற செல்களையும் உண்டாக்கும் மூலச் செல்) போன்ற இந்தச் சிறுபான்மைச் செல்கள் தாக்குப்பிடித்துவிடக்கூடும் என்றேன். கேழ்வரகுக் கொல்லையில் கோரையை மேலோடு அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டது போல என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது.

அச்செல்களுக்கு அந்த ஆற்றல் எப்படி வந்தது என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. விடையின் ஒரு பகுதி மைக்ரோ ஆர்.என்.ஏவில் இருக்கிறது. அது ஏறத்தாழ 22 வேதி எழுத்து நீளமே உள்ள ஆர்.என்.ஏ துணுக்கு; புரதம் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து எடுத்துச்செல்லும் தூது ஆர்.என்.ஏவுடன் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கிறது. (1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோசுக்கும், அது செயல்படும் விதத்தை விளக்கிய கேரி ரவ்கனுக்கும் 2024இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.) கிளார்க்கின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, மார்பகப் புற்றுநோய் ஸ்டெம் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ-200சி வெகுவாகக் குறைந்திருக்கிறது. நலமான மார்பக ஸ்டெம் செல்களிலும் அது அப்படியே குறைந்திருக்கிறது. இத்துணுக்கு அடக்கிவைக்கும் புரதங்களுள் ஒன்றான பிஎம்ஐ-1, ஸ்டெம் செல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள உதவுவது; துணுக்கு குறைந்தால் அந்தப் புரதத்தின் மீதான தடை தளர்கிறது. ஆகவே, உடல் தன் தேவைக்காக வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டையே கட்டியும் கையாள்கிறது என்று நான் கருதுகிறேன். குறைந்துபோன துணுக்கைச் செல்களுக்குள் மீண்டும் மிகுவித்தபோது, எலிகளில் அவற்றின் கட்டி உண்டாக்கும் ஆற்றல் அடங்கியது. லெட்-7 என்னும் மற்றொரு துணுக்கைப் பற்றியும் இதையொத்த முடிவு 2007இலேயே வெளியாகியிருந்தது.

எலியிலிருந்து நோயாளிக்கு வரும் வழி கடினமானது. பாதுகாப்பு உறையின்றிச் செலுத்தினால் ஆர்.என்.ஏ இரத்தத்திலேயே சிதைந்துவிடும்; கொழுப்பு உறையில் வைத்தாலோ அதன் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய்விடும். மைக்ரோ ஆர்.என்.ஏ-34 என்னும் இன்னொரு துணுக்கைப் பல்வேறு புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. எனவே புற்றுநோய் ஸ்டெம் செல்லை அழிக்கும் சிகிச்சை என்ற பெயரில் வரும் விளம்பரத்தை நம்பி, தர்மபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ எவரும் நிலத்தை அடகு வைத்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். பெரியம்மாவுக்கு இப்போது நடக்கும் மருத்துவத்தில் இத்துணுக்குகளுக்கு இடமில்லை. மருத்துவர் எழுதிய மாத்திரைகளையே அவர் தவறாமல் சாப்பிட்டு வருகிறார்.