வன்னியில் மார்பகப் புற்றுநோய் நேர்காணல்: களத்தில் பிழை நேரும் இடங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் மார்பகப் புற்றுநோயாளரின் அனுபவத்தை ஆராயப் புறப்படுபவர்கள் முதலில் விசாரிப்பது கேள்விக்கொத்தைப் பற்றித்தான். எங்கள் அனுபவத்தில் ஆய்வைக் கவிழ்ப்பது அதுவல்ல. எந்த நாளில் போகிறோம், யாருக்கு முன்னால் எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பவைதான்.

அனுமதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும். முதலில் நெறிமுறைக் குழு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் ஒன்று இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டிய பிறகே வைத்தியசாலைப் பணிப்பாளரின் கடிதம் கிடைக்கும். குடும்பநல உத்தியோகத்தர் மூலம் ஆட்களைத் தேடுவதானால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் தேவை. கடிதப் பிரதி ஒன்றைக் கிளினிக் தாதியின் கையில் நேரே கொடுங்கள். மேலிடத்தில் அனுமதி இருந்தும் கிளினிக் வாசலில் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. பல குடும்பங்கள் நோயாளியிடம் "கட்டி" என்று மட்டுமே சொல்லியிருக்கும். தகவல் தாளின் தலைப்பில் "மார்பகப் புற்றுநோய்" என்று பெரிதாக அச்சடித்து நீட்டினால், வைத்தியர் சொல்லவேண்டிய செய்தியை நாங்கள் வராந்தாவில் வைத்துச் சொன்னதாகிவிடும். அதனால் தாளை எடுக்குமுன், நோயாளிக்குத் தன் நோய் தெரியுமா என்று தாதியிடம் விசாரிக்க வேண்டும். பிறகு நோயாளியிடமே, "உங்களுக்கு என்ன வருத்தமெண்டு டொக்டர் சொன்னவர்?" என்று கேட்க வேண்டும். அவர் வாயால் வராத சொல் எங்கள் வாயால் வரக்கூடாது. தன் நோய் என்னவென்று தெரியாத பெண்ணை ஆய்வில் சேர்க்காமல், சிகிச்சைக் குழுவுக்கு மட்டும் தெரியப்படுத்துங்கள். ஆள் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

நாள் குறிப்பதும் அவரின் மருந்துச் சுற்றைப் பார்த்துத்தான். வன்னிப் பெண்களில் பலர் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் சிலர் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் போய்வருகிறார்கள். சிவப்பு மருந்து (டொக்சோரூபிசின்) அடங்கிய ஏசி என்ற கீமோதெரபிச் சுற்று வழக்கமாக 21 நாளுக்கு ஒருமுறை. முதல் சில நாட்கள் ஓங்காளமும் களைப்பும். ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது தடிமனோடு ஒருவர் வீட்டுக்குப் போவது ஆபத்து. மூன்றாவது கிழமைதான் பேச உகந்தது. மருந்தேற்றும் நாளில் பேட்டி வைக்காதீர்கள்; விடியமுன் பஸ் ஏறியவர் திரும்பும் பஸ்ஸை நினைத்தபடி ஒற்றை வரியில்தான் பதில் சொல்வார். இரத்த அறிக்கை சரியில்லை என்றால் மருந்து தள்ளிப்போகும், உங்கள் கணக்கும் தள்ளிப்போகும். முதல்நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

தாமதத்தை அளப்பதில்தான் அதிக பிழை. புற்றுநோயைக் கண்டறிவதில் ஏற்படும் தாமதத்தை எப்படி ஆராய்வது என்று வழிகாட்டும், 2012இல் வெளிவந்த ஆர்ஹுஸ் அறிக்கை சொல்வதுபோல் காலத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்: கட்டியைக் கண்ட நாள், முதலில் வைத்தியரிடம் காட்டிய நாள், நோய் உறுதியான நாள், சிகிச்சை தொடங்கிய நாள். கடைசி இரண்டும் கிளினிக் கொப்பியில் இருக்கும். முதலாவது ஞாபகத்தில் மட்டும். "எந்த மாதம்?" என்றால் பதில் வராது. தைப்பொங்கல், வற்றாப்பளைப் பொங்கல், மடுவின் ஆவணித் திருவிழா, காலபோக விதைப்பு, அறுவடை எல்லாம் குறித்த ஒரு தாளை முன்னே வைத்து, "அதுக்கு முந்தியோ பிந்தியோ?" என்று கேளுங்கள், மாதக்கணக்கு வந்துவிடும். யுத்தத்தில் காயப்பட்டவரிடம், கட்டியைப் பழைய ஷெல் துண்டு என்று நினைத்தாரா என்றும் கேட்க வேண்டும். 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்கு (பெண்களுக்கான நோய்ப் பரிசோதனைக் கிளினிக்) போனாரா என்பதைக் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும். இடப்பெயர்வுக் கதை தானாக வரும். இடைமறிக்காதீர்கள், தாமதத்தின் காரணம் அதற்குள்ளும் இருக்கலாம்.

ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஈ.ஓ.ஆர்.ரி.சி.யின், வாழ்க்கைத் தரத்தை அளக்கும் சி30 கேள்விக்கொத்தைப் பாவிப்பதானால் அவர்களிடம் அனுமதி பெறவேண்டும்; கல்விசார் ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. முதல் கேள்வி கனமான கடைப்பையையும் பயணப்பெட்டியையும் உதாரணம் காட்டும். சொல்லை மாற்ற அனுமதியில்லை, எழுதியபடியே வாசியுங்கள். ஆனால் நேர்காணலில் வேறாகக் கேளுங்கள். "கை எப்பிடி?" என்றால் "பரவாயில்லை" என்பார். "கிணத்தில ஆர் தண்ணி அள்ளுறது?" என்றால்தான், சத்திரசிகிச்சைக்குப் பிறகு மகள்தான் அள்ளுகிறாள், வீங்கின கையால் குடம் தூக்க முடியவில்லை என்பதெல்லாம் வெளியே வரும். புள்ளியிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா அளவீடும் 0 முதல் 100 வரைதான், ஆனால் செயற்பாட்டில் கூடிய புள்ளி நல்லது, அறிகுறியில் கூடிய புள்ளி கெட்டது. அதோடு சேர்க்கும் மார்பகப் புற்றுநோய்க் கேள்விக்கொத்தான பி.ஆர்.23இல் தாம்பத்தியம் பற்றிய கேள்விகள் கடந்த 4 கிழமையைப் பற்றியவை, மற்றவை கடந்த ஒரு கிழமையை. அவற்றைப் பெண் ஆய்வாளர் மட்டும், மாமியாரோ பிள்ளைகளோ அருகில் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். பதில் சொல்ல விரும்பாவிட்டால் வெறுமையாக விடுங்கள். "இல்லவே இல்லை" என்று நிரப்பினால் தரவு பொய்யாகும்.

அழுதால் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்; 1926 தேசிய உளநல உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

பதிவைப் பேசியபடியே தமிழில் எழுதி, தமிழிலேயே குறியீடு இடுங்கள் (பேச்சைக் கருப்பொருள்வாரியாகப் பெயரிட்டுப் பிரியுங்கள்); மேற்கோளாக எடுக்கும் வரிகளை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். கட்டுரையில் "முல்லைத்தீவு, 43 வயது, ஆசிரியை" என்று போட்டால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். மாவட்டத்தை "வட மாகாணம்" என்றும் வயதை "40–49" என்றும் ஆக்கி, தொழிலை எடுத்துவிடுங்கள். காணாமல்போனவர் பற்றிய வரி இருந்தால், அதை வெளியிடுவதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.