செண்பகத்தின் ஊசி: எட்டு அத்தியாயம் முடிந்தது

நான் எழுதிவரும் துப்பறியும் நாவலின் எட்டாவது அத்தியாயத்தை நேற்று இரவு முடித்தேன். கொலை கிடையாது. ஒரு பாட்டியின் 1960-களில் நெய்த அரக்குப் பட்டுப்புடவை மாற்றப்பட்டு, அதே நிறத்தில் வேறொன்று பெட்டியில் இருக்கிறது. சின்னக் காஞ்சிபுரத்தில் வீட்டு வாசல் அறையில் ஃபால்ஸ் தைத்து, குஞ்சம் கட்டிக்கொடுக்கும் செண்பகம் என்ற 26 வயதுப் பெண் அதைக் கண்டுபிடிக்கிறாள்.

முதல் நான்கு அத்தியாயங்களை மூன்று முறை எழுதினேன். முதல் வடிவத்தில் அவள் சுவரேறிக் குதித்தாள், நள்ளிரவில் குடோனுக்குள் தனியாகப் போனாள். அந்த இடத்தில் யாரை வைத்தாலும் கதை அப்படியே ஓடும் போலிருந்தது. அப்புறம்தான் அவள் தொழிலிலிருந்து தொடங்கினேன். முந்தியை எல்லோரும் பார்ப்பார்கள். கரையின் உள்பக்கத்தை விரல் வைத்துத் தடவிப் பார்க்கிறவள் ஃபால்ஸ் தைக்கிறவள்தான். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் கோர்வையாகச் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். போலியில் அந்தப் பிடிப்பு இல்லை. அது அவள் விரலுக்கு முதலில் தெரிகிறது, கண்ணுக்கு அப்புறம்.

ஜரிகையையும் சோதித்துப் பார்த்தேன். வீட்டில் நைந்துபோன பழைய பட்டின் ஓர் இழையை ஊசியால் சுரண்டியதும் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அதன் மேல்தான் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசுகிறார்கள். பழைய புடவைகளை ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக எடை போட்டு வாங்குவது அதனால்தான். திருடியவருக்கு நோக்கமும் கிடைத்துவிட்டது.

போலி விசைத்தறியில் நெய்தது. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்வது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது. அதனால் ‘ஒரு பழம்புடவைக்கு இவ்வளவு கலாட்டாவா’ என்று சலித்துக்கொள்ளும் எஸ்.ஐ. ஏழாம் அத்தியாயத்தில் நிமிர்ந்து உட்கார்கிறார்.

மிகவும் பிடித்துச் செய்தது தையல் சோதனை. போலிப் புடவையில் ஃபால்ஸைக் கையால் தைத்தவர் யார் என்பதுதான் முடிச்சு. இடது கைப் பழக்கமுள்ள என் அண்ணியிடம் ஒரு சாண் நீளத் துணியில் ஹெம்மிங் போட்டுத் தரச் சொன்னேன். பக்கத்திலேயே நானும் வலது கையால் போட்டேன். “இதுக்குப் போய் ராத்திரி பத்து மணிக்கு ஊசி எடுக்கச் சொல்றியே” என்றபடியே தைத்துக் கொடுத்தார். இரண்டு வரிசையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிராகச் சாய்ந்திருந்தன. துணியைத் தலைகீழாகத் திருப்பினாலும் சாய்வு மாறவில்லை. அண்ணிக்கே ஆச்சரியம்.

சரி, இந்தத் துப்பை வாசகருக்கு எங்கே காட்டுவது? நம் ஊரில் இடது கைக்காரரும் பணத்தை, குங்குமத்தை வலது கையால்தான் கொடுப்பார். அந்த மரியாதை ஆளை அழகாக மறைத்துவிடுகிறது. மூன்றாம் அத்தியாயத்தில், போலிக்கு ஃபால்ஸ் தைத்த அந்த இடது கைக்காரர் செண்பகத்துக்கு ஒரு முழம் மல்லிகையை நறுக்கித் தருகிறார்: கத்தரிக்கோல் இடது கையில், பூவை நீட்டுவது வலது கையால். ஒரே வாக்கியம். படித்துப் பார்த்த இருவரில் ஒருவர் கண்டுபிடித்தார், மற்றவர் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அந்த அளவு போதும்.

சுவரேறும் காட்சி போய்விட்டது. இப்போது கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த கூட்டத்தின் நடுவே, பட்டப்பகலில், கடை முதலாளியிடம் செண்பகம், “அண்ணே, அந்தப் புடவையைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்களேன்” என்கிறாள். அவள் குரல் நடுங்குகிறது, ஆனாலும் இரண்டாவது முறையும் கேட்கிறாள். இதை எழுதிய அன்றுதான் அவள் எனக்கு முழுசாகப் பிடிபட்டாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் புடவை பாட்டியிடம் திரும்ப வேண்டும். பாட்டி முதலில் முந்தியைப் பார்ப்பாரா, முகர்ந்து பார்ப்பாரா என்று இன்னும் முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுத வேண்டும்.